ஐந்து மணித் தண்ணீர்

சிங்கப்பூர்
4-9-2005

ஆறாம் அறையில் இருப்பவருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இணையத்தில் 'ஹாரன்' என்ற பெயரில் எழுதுகிறீர்கள். ஆனால் இருக்கும் இடம் தெரியும். சுங்குவார்சத்திரம், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்தெரு, வரிசையாக ஆறு அறைகள், கடைசி அறையின் தரையில் ஓர் இரும்பு வளையம். அந்த வளையம் எதற்கென்றே தெரியவில்லை என்று இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைச் சிமெண்டில் பதித்தவன் நான்.

அது என் வீடு. நீங்கள் 'மோட்டார் மகாராணி' என்று எழுதியிருப்பவர் என் அம்மா.

உங்கள் பதிவை என்னோடு வேலை செய்கிற ஒருவர் அனுப்பிவைத்தார். 'உங்க ஊர்ப் பக்கம்போல, படிச்சுச் சிரிங்க' என்று. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை மட்டும் மோட்டார் ஓடுமாம். பிறகு சாவி இடுப்புக்குப் போய்விடுமாம். இரவு ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வருகிறவனுக்கு முகம் கழுவவும் தண்ணீர் இல்லையாம். நான் சிரிக்கவில்லை.

அதை உடனே நீக்கிவிடுங்கள். நீக்கினால் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். உங்கள் பதிவின் அடியில் இதை எழுதியிருந்தால் ஊரே படிக்கும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உறையின் பின்னால் என் பெயர் போடவில்லை. அம்மா கண்டுபிடித்துவிடக் கூடாது என்று முகவரியையும் எழுத்தைச் சாய்த்து எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மு. ஸ்ரீதர்

*

சுங்குவார்சத்திரம்
18-9-2005

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

என் பெயர் வனமாமலை. ஊர் நாங்குநேரிப் பக்கம். பி.ஏ. இங்கே கார் ஹாரன் செய்யும் ஓர் ஆலையில் சோதனைப் பிரிவு. ஒரு ஹாரன் வரும். அமுக்குவேன். கத்தும். அடுத்தது வரும். காதில் பஞ்சு. என் கருத்துகள் கொஞ்சம் சத்தமாக இருப்பதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

உங்கள் கடிதம் மின்மீட்டர் பெட்டியின் மேல் இருந்தது. தபால்காரர் எல்லார் தபாலையும் அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அங்கே வைப்பார். பக்கத்து அறை மாசானத்துக்கு வாராவாரம் சாத்தான்குளத்திலிருந்து ஒரு பெண்ணின் கடிதம் வரும். எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. உறை சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. சிங்கப்பூரிலும் அந்த வழக்கம் உண்டு என்பதில் ஓர் ஆறுதல்.

நீக்கச் சொன்னீர்கள். போன ஞாயிறே பிரௌசிங் சென்டருக்குப் போய் நீக்கினேன். பயனில்லை.

இணையம் எப்படி என்று சொல்கிறேன். இங்கே தலைவர் கிடையாது. காவல்காரர் கிடையாது. ஆளுக்கொரு வலைப்பதிவு. நான் என் பதிவை அழித்தால் என் வீட்டுச் சுவர் மட்டும்தான் சுத்தமாகும். அதற்குள் டொரண்டோவில் ஒரு மருத்துவர் அதை முழுதாக எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, குளிக்காமல் தூங்கினால் வரும் தோல் நோய்களைப் பட்டியலிட்டுவிட்டார். மதுரைப் பேராசிரியர் ஒருவர் அந்தச் சாவியில் நிலவுடைமையின் எச்சத்தைக் கண்டார். துபாய் மின்பொறியாளர் மோட்டாருக்குப் படம் வரைந்திருக்கிறார். 'உண்மை விளம்பி' என்பவர் மூன்று பேரையும் திட்டியிருக்கிறார். ஒரு மின்னஞ்சல் குழு வழியாக நானூறு பேர் பெட்டிக்கும் போய்விட்டது. அந்தக் குழுவை ஆரம்பித்தவருக்குக் கல்யாணமாகி, கடவுச்சொல்லை மறந்துவிட்டார். இப்போது அதை யாராலும் மூடவும் முடியாது.

மொத்தம் நூற்று நாற்பத்தொரு பின்னூட்டங்கள். சேலத்திலிருந்து கனகலட்சுமி என்று ஒருவர் மட்டும், 'அந்த அம்மாகிட்டயே ஏன் அஞ்சு மணின்னு ஒருதரம் கேட்டீங்களா?' என்று எழுதியிருந்தார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும்.

'மகாராணி' என்று எழுதியது தப்பு. மன்னியுங்கள். அறையைக் காலி செய்யச் சொல்லிவிடாதீர்கள்.

மரியாதையுடனும் குளிக்காமலும்,
வனமாமலை

*

சிங்கப்பூர்
28-9-2005

தம்பி வனமாமலைக்கு,

முதலில் ஒன்று. என்னை அண்ணாச்சி என்று எழுதாதீர்கள். எங்கள் பக்கம் அது மளிகைக் கடைக்காரரைக் கூப்பிடுவது. படிக்கும்போது கையில் பருப்புப் பொட்டலம் இருப்பதுபோல் இருக்கிறது. சோறு பற்றிய கேலியும் புரியவில்லை.

நூற்று நாற்பத்தொன்றையும் படித்தேன். இரண்டு இரவு. கோபத்தில்தான் ஆரம்பித்தேன். பிறகு தெரிந்தது, பதினான்கு மாதங்களில் என் அம்மாவைப் பற்றி நான் அறிந்த முதல் செய்தியே உங்கள் பதிவுதான். சாவியை இடுப்பில் செருகுகிறாள். ஐந்து மணிக்கு எழுகிறாள். 'தண்ணி கீது, உனக்குத்தான் நேரம் இல்ல' என்று உங்களிடம் சொன்னாள். நான்கைந்து முறை படித்தேன் அந்த வரியை. அவள் குரல்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. காரணம் உங்கள் அறை.

அது மாட்டுக் கொட்டகை. வளையம் செங்கமலத்தைக் கட்டுவதற்கு. செங்கமலம் பசு. நெற்றியில் வெள்ளை. நிலம் போன பிறகு அம்மாவிடம் மிஞ்சியது அவள் ஒருத்திதான். போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு அம்மா குன்றத்தூர் மலைக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டுத் தசரதன் மாமா எனக்குப் போன் செய்தார். மாட்டை வாங்க நல்ல ஆள் வந்திருக்கிறான், கொடுத்துவிடலாமா, கொட்டகையை ஆறாவது அறையாக்கலாம் என்றார். நான் உணவு இடைவேளையில் இருந்தேன். சரி என்றேன். அம்மா திரும்பி வந்தபோது கையில் செங்கமலத்துக்கும் சேர்த்து விபூதி. கொட்டகை காலி.

அன்றிலிருந்து நான் போன் செய்தால் ரிசீவரை எடுத்து, ஓடுகிற கிரைண்டர் பக்கத்தில் வைத்துவிடுகிறாள். நானும் போன் கார்டு தீரும்வரை கேட்பேன்.

ஐந்து மணி என்பது செங்கமலத்தைக் குளிப்பாட்டும் நேரம். இதில் நிலவுடைமை எதுவும் இல்லை என்று பேராசிரியரிடம் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

நீக்க வேண்டாம், தம்பி. அம்மாவைப் பற்றி எனக்கு எழுதுங்கள். குறை சொல்லியே எழுதுங்கள். பொங்கலுக்கு நான் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பாளா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ஸ்ரீதர்

*

சுங்குவார்சத்திரம்
16-10-2005

அன்புள்ள அண்ணனுக்கு,

மளிகையை விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தை வளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். இத்தனை நாள் அதில் கொடி கட்டித் துண்டு காயப்போட்டிருந்தேன். அவிழ்த்துவிட்டேன். இதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். தலைப்புக்கூட வந்தது. எழுதவில்லை. எழுதாமல் என்னிடம் இருக்கும் முதல் விஷயம் இது.

ஆனால் விவாதம் நடக்கிறது. 'நடுநிலையாளன்' என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். 'நான் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை' என்று ஆரம்பித்துப் பதினாறு பின்னூட்டங்கள் அந்த அம்மாவுக்காக. கடைசியில், 'அவர் கை மீன் குழம்பைச் சாப்பிட்டவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்' என்கிறார். அண்ணா, நடுநிலையாளர்களுக்கு மீன் குழம்பு எப்படித் தெரியும்? 'உண்மை விளம்பி'க்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் மோட்டார் கம்பெனியின் கையாள் என்கிறார்.

இனி அம்மா. நீங்கள் கேட்டபடி, குறைகள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் என் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாப்பா, உள்ள அந்த வளையம் கால்ல இடிக்குதா?"

"இல்லம்மா. அது பாட்டுக்குக் கெடக்கு."

"யார் சொன்னாலும் அத்த எடுக்காத. நீ எய்துவியாமே?"

"யாரும்மா சொன்னா?"

"யார் சொல்லணும்? மூஞ்சிலயே கீது. ஒரு வார்த்த கேக்க வந்தா, ஒன்பது வார்த்தய முழுங்கினு நிக்கிற."

பிறகு உள்ளே எட்டி வளையத்தைப் பார்த்தார். "சிங்கப்பூருல மாடு கீதா?" என்றார். தெரியாதும்மா என்றேன். "அதான்" என்று போய்விட்டார். எதற்குக் கேட்டார் என்று விளங்கவில்லை. ஒரு தாயின் மனம் கடல் தாண்டி வேலை செய்வதைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வரவில்லை.

பி.கு.: இந்த முறை உறையில் இரண்டு பருக்கை. புழுங்கல் அரிசி.

தங்கள்,
வனமாமலை

*

சிங்கப்பூர்
27-10-2005

அன்புத் தம்பிக்கு,

மாடு கீதா என்று கேட்டாளா? அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இங்கே மாடு கிடையாது என்று சொல்லுங்கள். நான் சொன்னதாக இல்லாமல்.

மீன் குழம்பைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். 'நடுநிலையாளன்' இனி வர மாட்டார்.

ஒன்று தோன்றியது. செங்கமலம் இல்லாத கொட்டகையில் நீங்கள் இருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு நீங்களும் அங்கே இல்லை. யாருமில்லாத இடத்துக்காகத் தினமும் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடுகிறது. என்னால்தான்.

அவளுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரு தைலம் வாங்கிவைத்திருக்கிறேன். பச்சை மூடி. பொங்கலுக்கு விடுப்பு கிடைக்கும்போல இருக்கிறது. டிக்கெட் போட வேண்டும். நான் வந்து, அவள் என்னை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டால், தசரதன் மாமா எதிர்வீட்டிலிருந்து பார்ப்பார். நீங்கள் படித்தவர், பதமாகப் பேசுவீர்கள். நான் அனுப்பியதாகக் காட்டிக்கொள்ளாமல், மெல்ல அவள் மனதை அறிந்து எழுதுங்கள்.

உங்கள் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஸ்ரீதர்

*

சுங்குவார்சத்திரம்
13-11-2005

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை. மூன்று வாரமாக. தெருவில் முழங்கால் அளவு. என் அறைக்குள் தண்ணீர் எந்நேரமும் வருகிறது. இணையத்தில் தண்ணீர்ப் பற்றாக்குறை விவாதம் மட்டும் நிற்கவில்லை.

பெரிய செய்தி. மோட்டார் நேரம் மாறிவிட்டது. போன திங்கள் ஷிப்ட் முடிந்து வந்தேன். ஆறரை. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் நின்று, "குளிச்சிட்டு படு. இன்னா நாத்தம்" என்றார். குளித்தேன். அழுகை வந்தது. சோப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

அதை இணையத்தில் நான்கு வார்த்தையில் எழுதினேன்: இன்று ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான். நம் எழுத்தின் வெற்றி என்று டொரண்டோ மருத்துவர் தனிப் பதிவு. முதலில் சொன்னது தான்தான் என்று துபாய் மின்பொறியாளர். வெற்றியை யாருடைய கணக்கில் வைப்பது என்று குழு இரண்டாகப் பிரிந்து, இரண்டாவது குழுவுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். இதுவரை நாங்கள் எதையும் மாற்றியதில்லை, அண்ணா. மாற்றியதாக ஒருநாள் நம்பினால் தப்பில்லை என்று நானும் ஒரு நன்றி எழுதிவைத்தேன்.

நீங்கள் கொடுத்த வேலை. பதமாகப் பேச ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன்,

"பச்ச மூடி தைலம் சூடே ஏறாது. மஞ்ச மூடிதான் வேலைக்கு ஆவும்" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உங்கள் இருவருக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. அறிவியல் இன்னும் தொடாத ஒன்று.

தைரியம் வந்து, "அம்மா, பொங்கலுக்கு ஒங்க வீட்டுக்கு யாரும் வருவாங்களா?" என்றேன்.

"ஏன், நீ ஊருக்குப் போவலியா?"

"போவேன். சும்மா கேட்டேன்."

"சும்மாவா கேட்ட?" அரிசி களைந்த தண்ணீரை வடித்தார். "ஆள வெச்சு மாட்ட வித்தான். இப்ப ஆள வெச்சே வூட்டுக்கும் வரப் பாக்கறானா? வாய் இல்ல அவனுக்கு?"

நான் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. தாளைப் பார்க்கவும் வழியில்லை. ஏதோ ஹாரன் அமுக்கியதுபோல் காதுக்குள் ஒரே சத்தம். வந்துவிட்டேன்.

எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. நான் ஒன்றுமே காட்டிக்கொள்ளவில்லை.

தோற்ற தூதன்,
வனமாமலை

*

சிங்கப்பூர்
24-11-2005

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தேன். பச்சை மூடியை நான் உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பழைய கடிதங்களை எடுத்தேன். பருக்கை. புழுங்கல் அரிசி. மின்மீட்டர் பெட்டி.

தம்பி, நான் வாங்கும் உறைகள் தாளை உரித்து அமுக்கினாலே ஒட்டிக்கொள்ளும் ரகம். சோறு என் வீட்டுச் சோறு இல்லை.

நீங்கள் பி.ஏ. நானும் டிப்ளமோ. இணையத்தில் நானூறு பேர் படிப்பார்கள் என்று பயந்து தாளுக்கு வந்தோம். யார் படிக்கக் கூடாதோ அவர் ஒருவர் மட்டும் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார். இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்திருப்பார். அவருக்கு அதில் அனுபவம் உண்டு. என் பள்ளிக்கூட மதிப்பெண் தபாலை அப்படித்தான் பிரித்தார்.

இதற்குமேல் இருப்பதை நீங்கள் படிக்க வேண்டாம், தம்பி. இது இந்தக் கடிதத்தை முதலில் படிப்பவருக்கு.

அம்மா,

இப்போது நடுவில் ஆள் இல்லை.

செங்கமலத்தை விற்றது நான்தான். தசரதன் மாமா கேட்டார், அவ்வளவுதான். சரி என்று சொன்னது நான். உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. மறந்துபோனதால் இல்லை. இதை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

நீ கையில் விபூதியோடு கொட்டகையில் நின்றதை மாமா சொன்னார். ரொம்ப நேரம் நின்றாய் என்றார். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் அதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

பொங்கலுக்கு வரட்டுமா?

வேண்டாம் என்றாலும் எழுது. கிரைண்டர் பக்கத்தில் வைக்காதே.

உன்,
ஸ்ரீதர்

*

சுங்குவார்சத்திரம்
11-12-2005

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த முறை உறை திறந்தே இருந்தது. பருக்கை இல்லை. அம்மா மீட்டர் பெட்டியில் வைக்காமல் என் கையிலேயே கொடுத்தார். "மேல் பாதி உன்னுது. கீய் பாதி என்னுது. நான் படிச்சிட்டேன்" என்றார்.

நான் மேல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். கீழ்ப் பாதியை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, சாவி இருக்கும் இடத்தில் செருகினார்.

பிறகு, மூன்று மாதம் தாமதமாக, சேலம் கனகலட்சுமி சொன்னதைச் செய்தேன்.

"அம்மா, ஏன் அஞ்சு மணி?"

"தெரிஞ்சிகினே கேக்குற."

"நீங்க சொல்லிக் கேக்கணும்."

சொன்னார். ஒன்றேகால் மணி நேரம். செங்கமலத்துக்கு எந்தக் காதின் பின்னால் சொறிந்தால் பிடிக்கும் என்பதுவரை. இடையில் இரண்டு முறை சிரித்தார். கடைசியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத்த எய்தினா ரூம காலி பண்ணிடுவேன்" என்றார்.

எழுதவில்லை. இன்று பிரௌசிங் சென்டரில் அந்தப் பழைய விவாதத்தைத் தேடிப்பிடித்து, கனகலட்சுமிக்கு மட்டும் பதில் போட்டேன். 'கேட்டேன். நீங்கள் சொன்னது சரி.' முந்நூற்றுப் பன்னிரண்டாவது பின்னூட்டம். முந்நூற்றுப் பதின்மூன்றாவதில் 'உண்மை விளம்பி' ஆதாரம் கேட்கிறார்.

என் பேனாவையும் ஒரு தாளையும் அம்மா வாங்கிப் போனார். இரண்டு நாள் எழுதினார். இத்துடன் வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை. நம்புங்கள்.

இனி உங்களுக்கு நடுவில் நான் தேவையில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். நீங்கள் வருவதாக இருந்தால் ஆறாம் அறைச் சாவி அம்மாவிடம் இருக்கும். வளையத்தில் துண்டு போட வேண்டாம்.

குளித்துவிட்டு,
வனமாமலை

*

ஸ்ரீதரு,

நல்லா கீறேன். நீ சாப்புட்றியா.

எய்த்த சாய்ச்சி எய்தினா எனக்குத் தெரியாதா. உனக்குப் பேனா புடிக்க வெச்சதே நான்தான். ஒரு கடுதாசி படிக்க எனக்கு மூணு நாள் ஆவுது. கண்ணு சரியில்ல. அதனால நீட்டி எய்தாத.

கேட்டா வாணாம்னு சொல்லுவேன்னுதான் கேக்கலன்னு எய்தினியே, அத்தத்தான் ஒன்ற வருசமா எதிர்பாத்தேன். தப்புப் பண்ணிட்டேன் தப்புப் பண்ணிட்டேன்னு தசரதன்கிட்ட சொன்னா எனக்கு எப்டி வந்து சேரும்.

செங்கமலம் தண்டலத்துல கீது. காலேஜுக்குப் பின்னால ஒருத்தன் வெச்சிகினு கீறான். மாசத்துக்கு ஒரு தபா பஸ் ஏறிப் போய் பாத்துட்டு வரேன். என்னப் பாத்தா கத்துது. கன்னு போட்டுகீது. பொட்டக் கன்னு. அத்தக் கேட்டா குடுப்பான். நீ வந்து நேர்ல கேளு. போன்ல கேக்காத.

அந்தத் தம்பி நல்ல புள்ள. மாடு நின்ன எடத்துல படுக்கற புள்ள குளிக்காம படுக்கக் கூடாதுன்னுதான் மோட்டார மாத்தினேன். கம்ப்யூட்டர்ல யாரோ நாங்கதான் மாத்தினோம்னு சொல்லிகினு கீறாங்களாமே. சொல்லிகினு போவட்டும்.

கிரைண்டர் சத்தத்த கார்டு தீர்ற வரைக்கும் கேட்டேன்னு எய்திகீற. பாதி நாளு அதுல மாவே இல்லடா. நீ போன வெக்கிற வரைக்கும் ஓடட்டும்னு விட்டு வெச்சேன்.

போகிக்கு முன்னாடி நாளே வந்துரு. தைலம் மஞ்ச மூடி. அப்டியே கோந்து டப்பா ஒண்ணு வாங்கினு வா. சோறு சரியா ஒட்டல. மாசானத்துக்கு வேற வாராவாரம் கடுதாசி வந்துகினே கீது.

அம்மா
முனியம்மாள்